ஆற்றில் போட்ட கோடு

மூன்று நாள் நடந்தால் முடிந்துபோகும் நாடு அது. அதையும் ஒன்பது வட்டங்களாகப் பிரிக்கச் சொன்னார் அரசர். தலைமை நில அளவையர் செங்கோடன் குன்றின்மேல் ஏறி நின்று பதினோரு நாளிலேயே பிரித்துக் கொடுத்தார். ஆறு தெரிந்த இடத்திலெல்லாம் ஆற்றையே எல்லையாக்கினார். வேலை சுலபமாக முடிந்தது, பொன்னாடையும் கிடைத்தது. ஆற்றின் இரு கரையிலும் இருப்பது ஒரே ஊர் என்பது குன்றிலிருந்து தெரியவில்லை. இறங்கிப் போய் யாரையும் அவர் கேட்கவும் இல்லை.

வைத்தியர்கள் தங்கள் வட்டத்தாரைத் தவிர வேறு யாருக்கும் மருந்து கொடுக்கக் கூடாது என்று பின்னால் ஓர் ஆணை வந்தது. அந்தக் கோடையில் தென்கரையில் ஒரு குழந்தை வலிப்பு வந்து இறந்தது. வைத்தியர் வடகரையில் இருந்தார்.

செய்தி கேட்ட அன்றே செங்கோடன் பதவியை விட்டார். தன்னைவிடப் பத்து வயது இளையவரான ஒரு குருவிடம் வந்து சேர்ந்தார். ஆறு வருடம் ஆகியும் அவருக்குச் சரியாகத் தூக்கம் வந்ததில்லை.

ஒருநாள் அரண்மனையிலிருந்து ஓலை வந்தது. வட்டங்களைத் திருத்தப் போகிறார்களாம், அவரே வந்து திருத்தித் தர வேண்டுமாம். செங்கோடனுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லையைக் குன்றுக்குத் தள்ளிவிட்டால் இரு கரையும் ஒரே வட்டமாகிவிடும், செய்த பாவமும் தீரும் என்று சொல்லி குருவிடம் போய்வர விடை கேட்டார்.

"முதலில் ஆற்றைப் பார்த்துவிட்டு வருவோம்" என்றார் குரு.

ஆற்றில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. தென்கரையில் ஒரு பெண் வலையைப் பிரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெயர் மாராயி. இறந்தது அவளுடைய குழந்தைதான் என்று பேச்சில் தெரிந்தது. தான் யார் என்று சொல்லும் தைரியம் செங்கோடனுக்கு வரவில்லை.

"இனிமேல் இரண்டு கரையும் ஒரே வட்டம் அம்மா. அந்த வைத்தியர் தடையில்லாமல் இங்கே வரலாம்" என்று மட்டும் சொன்னார்.

"எதுக்குங்க?" என்றாள் அவள். "அன்னிக்கு மருந்துப் பையோட அந்தக் கரையில வந்து நின்னாரு. நான் பிள்ளையைத் தூக்கிக் காட்டினேன். ஆணைக்குப் பயந்து தண்ணியில காலை வைக்கல. அந்தக் கரைக்காரங்க சங்காத்தமே வேண்டாமுங்க. அவங்க வேற, நாங்க வேற."

"அந்த வைத்தியர் உங்களுக்குப் பழக்கமா?" என்று கேட்டார் குரு.

"எங்க அண்ணனுங்க. கூடப் பொறந்தவரு."

அவள் வலையின் மறுமுனையை இழுத்துக் கட்டப் போய்விட்டாள். செங்கோடன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கே போய் அந்தக் கோட்டை அழித்துவிடுகிறேன் ஐயா" என்றார்.

குரு வடகரையைப் பார்த்தார். அங்கே ஒருவர் தனியாக நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் போட்டதை நீங்கள் அழித்துவிடுவீர்கள்" என்றார் குரு. "அவள் போட்டதை யாரிடம் கொடுத்து அழிப்பீர்கள்?"