பத்துப் பணத்துக்குத் தகுதியான ஏழை

முன்னொரு காலத்தில் கலியந்துறை நாட்டைச் செங்கண்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். பாதி நாள் தூங்குவான், மீதி நாள் தன்னைப் பற்றிய பாட்டைக் கேட்பான். நாடு அதுபாட்டுக்கு நடந்தது. அந்த ஊர்ச் சாயத்துணிக்குக் கடல் கடந்த தேசங்களில் அவ்வளவு கிராக்கி.

ஒரு வருஷம் அக்கரையில் சண்டை மூண்டு, கப்பல் வரத்து நின்றுபோனது. துணி தேங்கியது, சாயக்காரர்களுக்கு வேலை போனது. அவர்கள் கையில் காசில்லாததால் அரிசிக் கடைக்காரன் ஈ ஓட்டினான். அரிசி விற்காததால் வண்டிக்காரனுக்குச் சவாரி இல்லை. கடைசியில் புலவர்களுக்கே பசியெடுத்துக் குரல் கம்மியபோதுதான் ஏதோ சரியில்லை என்று ராஜாவுக்கு உறைத்தது.

"வீட்டுக்குப் பத்துப் பணம் கொடுங்கள்!" என்று உத்தரவு போட்டான்.

கொடுக்க வேண்டியவர் பொக்கிஷ அதிகாரி அம்பலத்தரையர். பொக்கிஷத்திலிருந்து ஒரு காசு வெளியே போனால் தன் பல்லைப் பிடுங்கியதுபோல் துடிக்கிற மனுஷர்.

"பிரபு, கேட்டவனுக்கெல்லாம் கொடுத்தால் ஊரே சோம்பேறியாகிவிடும். உண்மையான ஏழையாகப் பார்த்துக் கொடுக்கிறேன்" என்று சொல்லி, நாலு விதி எழுதினார். பேரில் வீடு இருக்கக் கூடாது. நிலம் இருக்கக் கூடாது. வீட்டில் செம்போ வெண்கலமோ இருக்கக் கூடாது. ஒன்பது வருஷமாக ஒரு காசும் வரி கட்டியிருக்கக் கூடாது. வரி கட்டியவன் கையில் பணம் இருந்திருக்கிறது, பிறகு எப்படி ஏழை என்பது அவர் நியாயம்.

சாயக்காரத் தெரு ஆவுடையும் வரிசையில் நின்றாள். புருஷன் கப்பலோடு அக்கரையில் மாட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் இரண்டு பிள்ளைகள். சொத்து என்று இருந்தது சாயம் காய்ச்சும் செப்புக் கொப்பரை ஒன்றுதான்.

"கொப்பரையை வித்துச் சாப்பிடு. அதுவும் தீர்ந்ததும் வா, தர்றோம்" என்றார் குமாஸ்தா.

"நாளைக்கே கப்பல் வந்துட்டா எதுலய்யா சாயம் காய்ச்சுவேன்? உங்க தலைப்பாகையிலயா?"

பன்னிரண்டு நாள் நடந்தாள், பன்னிரண்டு நாளும் அதே பதில். செப்பு வியாபாரி பாதி விலைக்குக் கேட்டு வாசலிலேயே நின்றான். பானையில் கேழ்வரகு இரண்டு வேளைக்குத்தான் மிச்சம். ஆனால் வரிசையில் சும்மா நிற்கிற வாயா அவள் வாய்? ஏடு எழுதுகிற குமாஸ்தாக்களிடம் பேச்சுக் கொடுத்து ஊர் வம்பு முழுவதையும் கறந்துவிட்டாள்.

உத்தரவு போட்ட நாற்பதாம் நாள் ராஜா கேட்டான், "எத்தனை வீட்டுக்குக் கொடுத்தீர், அரையரே?"

"ஒரு வீட்டுக்கும் இல்லை, பிரபு! சல்லடை போட்டுச் சலித்துவிட்டேன். நம் நாட்டில் தகுதியான ஏழை ஒருவன்கூட இல்லை."

ராஜா துள்ளிக் குதித்தான். "ஏழையே இல்லாத நாடா! நாளை மதியத்துக்குள் யாராவது ஓர் ஏழையைக் காட்டட்டும். காட்டாவிட்டால் திட்டத்தை மூடிவிட்டு விருந்து வைப்போம்!"

ஊரெல்லாம் தண்டோரா போட்டார்கள். மறுநாள் மதியம், ஆவுடை சபைக்குள் வந்தாள்.

"மகாராஜா, நாலு விதிக்கும் பொருந்துற ஏழையைக் கண்டுபிடிச்சுட்டேன்."

"நீதானா அது?"

"நான் கொப்பரைக்காரி, எனக்கு அந்த யோகம் இல்ல. அவர் உங்க பக்கத்துலயே நிக்கிறாரு, அம்பலத்தரையர்."

சபை கொல்லென்று சிரித்தது. அரையர் முகம் சிவந்தது.

"சிரிக்காதீங்க. வடக்கு வீதி மாளிகை அவர் மச்சான் பேர்ல. வயலெல்லாம் மாமியார் பேர்ல. வீட்ல செம்பு, வெண்கலம் பொட்டுக்கூடக் கிடையாது, எல்லாம் தங்கமும் வெள்ளியும்தான். ஒன்பது வருஷமா வரி கட்டல. ஏட்டுல 'ஒன்றுமில்லாதவர்'னு எழுதியிருக்கு, பாருங்க."

ஏடுகள் வந்தன. அத்தனையும் சரி.

"அடடா அரையரே! பக்கத்திலேயே பட்டினியாக நின்றிருக்கிறீர், ஒரு வார்த்தை சொல்லவில்லையே! பிடியும் பத்துப் பணம்" என்றான் ராஜா.

மறுத்தால் சொத்து வெளியே வரும். அரையர் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினார்.

"அப்படியானால் அந்த மாளிகை யாருடையது?" என்றான் ராஜா.

சாமரம் வீசிக்கொண்டிருந்த மச்சான் சொக்கேசன் ஓரடி முன்னால் வந்தான். "என்னோடதுதான் மகாராஜா! பாவம், தங்க இடமில்லாம மச்சான் எங்க வீட்ல இருக்காரு. இன்னைக்கே காலி பண்ணச் சொல்லிடறேன்."

"அடப்பாவி! அது என் வீடுடா!" என்று அலறினார் அரையர். "வயலும் என்னோடது! எல்லாம் நான் சம்பாதிச்சது!"

வரி ஏட்டுக் குமாஸ்தா எழுத்தாணியை எடுத்துக்கொண்டு, "அப்படியே எழுதிக்கலாமா, ஐயா?" என்று பணிவாகக் கேட்டார்.

ஒன்பது வருஷத்து வரியும் வசூலானது. அரையர் பேரில் அன்றிலிருந்து பதவியும் இல்லை. வேண்டும் அந்த ஆளுக்கு!

"சரி பெண்ணே, இனி எப்படிக் கொடுப்பது?" என்றான் ராஜா.

"விதியெல்லாம் வேணாம். எல்லா வீட்டுக்கும் கொடுங்க."

"பணக்காரனுக்கும் போய்விடுமே?"

"போகட்டும். அறுவடை வரியில சேர்த்து அவங்ககிட்டத் திரும்ப வாங்கிக்குங்க. மாளிகையைத் தூக்கிட்டா ஓடப்போறாங்க?"

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் பத்தாகக் கொடுத்த காசு அரிசிக் கடைக்குப் போனது, அங்கிருந்து வண்டிக்காரனுக்குப் போனது, மூன்றாம் வாரமே சுங்கச்சாவடி வழியாகப் பாதி பொக்கிஷத்துக்கே வந்து சேர்ந்தது. கப்பல் வந்தபோது ஒரு சாயக்காரர் வீட்டிலும் கொப்பரை விலை போயிருக்கவில்லை.

ஆனால் அன்று சபையில் ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "உன் புத்திக்கு ஆயிரம் பொன் பரிசு! நாளைக்கு வந்து வாங்கிக்கொள்" என்றான்.

"ஆயிரத்தை நாளைக்கு வாங்கிக்கறேன் மகாராஜா. பத்துப் பணத்தை மட்டும் இப்பவே கொடுத்துடுங்க" என்றாள் ஆவுடை. "பிள்ளைங்களுக்கு இன்னைக்குத்தான் பசிக்குது."