கோமளா எழுந்த காலை

எபனேசருக்குத் தலை நரைத்த பிறகுதான் ஒரு குரு வாய்த்தார். நகரத்து மாட்டு ஆஸ்பத்திரியிலேயே டாக்டராகக் காலம் தள்ளியவரை மலைமேல் இருக்கும் யானை முகாமுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே ஏற்கெனவே டாக்டராக இருந்த செல்வநாயகி வயதில் அவரைவிட இளையவர். ஆனாலும் யானை வைத்தியத்தில் அவர் சொன்னதுதான் எபனேசருக்கு வேதம்.

ஒருநாள் எபனேசர் தன் கவலையை அவரிடம் சொன்னார். யானைகளைப் பற்றிக் குறிப்பெழுதி வைக்க ஒரு மென்பொருள் தேடுகிறார். ஒன்று பார்க்க அழகாக இருக்கிறது. இன்னொன்றில் படம் வரையலாம். இதையும் அதையும் ஒப்பிட்டுப் பார்த்தே மழைக்காலம் முடிந்துவிட்டது.

"எதை எடுத்துக்கட்டும், மேடம்?"

செல்வநாயகி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து அவர் கையில் வைத்தார். முகாமில் முன்பு வேலை பார்த்த டாக்டர்களின் குறிப்புகள் அதில் இருந்தன. யானைக்கொரு ஃபோல்டர்; உள்ளே வெறும் எழுத்துக் கோப்புகள். எழுதியவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை.

"இவங்க பேசுறது எதுல கேட்குதோ, அதை வச்சுக்கங்க சார்."

எபனேசர் அன்றே உட்கார்ந்தார். அழகான மென்பொருள் கோப்புகளை இணையத்தில் எங்கோ இருக்கும் தன் கிடங்குக்குக் கொண்டுபோனது. சிக்னல் போனதும் திறக்க மறுத்தது. படம் வரையும் மென்பொருளில் ஒரு சொல்லைத் தேடினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டையும் அழித்தார். கடைசியில் மிஞ்சியது, முதல் நாளே அவர் முகம் சுளித்து ஒதுக்கிய ஒன்று. வெள்ளைத் திரை, கறுப்பு எழுத்து, வேறொன்றும் இல்லை. ஃபோல்டர் இருக்கும் இடத்தைக் காட்டினார். கோப்புகளை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் படித்தது. சொல்லை முழுதாக அடிப்பதற்குள் விடை வந்து நின்றது.

தை மாதத்தில் ஒருநாள் செல்வநாயகி ஒரு கூட்டத்துக்காக மலையிறங்கியிருந்தார். அன்று காலை கோமளா என்ற பெண்யானையின் பாதப் புண்ணைச் சுத்தம் செய்ய எபனேசர் மயக்க ஊசி போட்டார். நின்றபடியே மயங்கியிருக்க வேண்டியவள் சரிந்து படுத்துவிட்டாள்.

மயக்கம் தெளிய ஊசி போட்டார். கண் திறந்தாள். எழப் பார்த்தாள், முடியவில்லை. நேரம் போகப் போக அவள் எடையே அவள் நுரையீரலை நசுக்கிவிடும் என்பது எபனேசருக்குத் தெரியும். இன்னொரு ஊசி போடுவதா, காத்திருப்பதா என்பது தெரியவில்லை. குருவைக் கூப்பிடச் சிக்னல் இல்லை. போன வருடம்தான் அவளுக்குப் பாகனாக வந்த மசணன் அவள் காதருகே மண்டியிட்டு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

எபனேசர் ஜீப்பின் மேல் மடிக்கணினியை வைத்துக் கோமளாவின் பெயரை அடித்தார். பக்கத்தில் 'எழ' என்று அடித்ததும் எப்போதோ யாரோ எழுதிய வரிகள் வந்தன.

'இடப்பக்கம் படுத்தால் எழமாட்டாள். இடது பின்னங்காலில் பழைய முறிவு. மருந்தைக் கூட்டாதே. வலப்பக்கம் புரட்டு.'

இடப்பக்கம்தான் படுத்திருந்தாள்.

கையிலிருந்த இரண்டாவது ஊசியை எபனேசர் கீழே வைத்தார். கயிறு கொண்டுவரச் சொன்னார். இரண்டு யானைகள் இழுத்தன. கோமளா மெல்லப் புரண்டாள், நீளமாக ஒரு மூச்சு விட்டாள். முன்கால்களை ஊன்றினாள். பின்புறம் நடுங்கியபடி உயர்ந்தது. எழுந்து நின்று, காது விரிய, காடே அதிரப் பிளிறினாள். முகாமின் மற்ற யானைகளும் பதிலுக்குப் பிளிறின. மசணன் டாக்டரைக் கட்டிக்கொண்டு அழுதார். டாக்டரும் அழுதார்.

மதியம் செல்வநாயகி வந்தபோது கோமளா கரும்பு தின்றுகொண்டிருந்தாள். எபனேசர் நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னார். முகம் பூரித்திருந்தது.

"இருக்கிறதிலேயே நல்லதைத்தான் எடுத்திருக்கேன், இல்லையா மேடம்?"

செல்வநாயகி குனிந்து கோமளாவின் பாதத்தைப் பார்த்தார். நிமிர்ந்து அவள் தும்பிக்கையைத் தடவிக் கொடுத்தார்.

"இன்னைக்கு நடந்ததை எழுதிட்டீங்களா சார்?"