சபைக்கு வந்த வெயில்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில், இப்போது அடிக்கிற மாதிரியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த நாட்டு அரசருக்கு வெயில் ஆகாது. வெயில் கூடக்கூடப் புதிதாக ஒரு குளிர்மண்டபம் கட்டச் சொல்வார். மண்டபத்துக்குச் செங்கல் வேண்டும், செங்கல்லைச் சுடக் காளவாய் வேண்டும், காளவாய்க்கு விறகு வேண்டும். விறகுக்கு மலைக்காட்டை வெட்டினார்கள். காடு குறைந்தது, மழை குறைந்தது, வெயில் இன்னும் கூடியது. அரசர் இன்னொரு மண்டபம் கட்டச் சொன்னார்.

இந்த வெயிலை என்ன செய்யலாம் என்று ஏழு வருடமாகச் சபை கூடிக்கொண்டிருந்தது. எங்கே? ஆறாவது குளிர்மண்டபத்தில். நான்கு பக்கமும் வெட்டிவேர்த் தட்டி. நாற்பது பெண்கள் மலையடி ஊற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்துவந்து தட்டிகளை நனைத்துக்கொண்டே இருப்பார்கள். உள்ளே மார்கழி. பிரபுக்கள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்பது என்று முடிவெடுத்துவிட்டு எழுந்து போவார்கள்.

அந்தச் சபையின் விகடகவி அங்காயி. தண்ணீர் சுமக்கிற தெருவிலிருந்து சபையில் உட்கார இடம் கிடைத்த முதல் ஆள் அவள்தான். ஏழு வருடமாக அவளும் சொல்லிப் பார்த்துவிட்டாள். அழுது சொன்னால் அபசகுனம் என்றார்கள். வேடிக்கையாகச் சொன்னால் சிரித்தார்கள். வாய் வலித்ததுதான் மிச்சம்.

அன்றைக்கு அமைச்சர் சிங்கப்பெருமாள் ஓர் ஓலைக்கட்டை நீட்டினார். மலையில் மிச்சமிருக்கிற காட்டையும் வெட்டி ஏழாவது மண்டபம் கட்ட உத்தரவு. முத்திரை விழவேண்டியதுதான் பாக்கி.

அங்காயி எழுந்தாள். "அரசே, அந்தக் காட்டில் விழுகிற மழைதான் ஊற்றாக வருகிறது. காடு போனால் ஊற்று வற்றும். எங்கள் தெருவுக்குக் குடிக்க வேறு தண்ணீர் கிடையாது. வெயில் இப்போதே தாங்கவில்லை."

"எந்த வெயில்?" என்றார் அமைச்சர். அவருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. "அரசே, ஏழு ஆண்டுகளாக இவள் வெயில் வெயில் என்கிறாள். இச்சபையில் யாருக்காவது வியர்க்கிறதா என்று கேளுங்கள்."

யாருக்கும் வியர்க்கவில்லை.

அரசருக்கு விளையாட்டுப் புத்தி. "அங்காயி, நாளை உச்சிப்பொழுதுக்குள் உன் வெயிலை இந்தச் சபைக்குக் கொண்டுவந்து காட்டு. காட்டாவிட்டால் ஓலையில் முத்திரை விழும்."

"கூடையிலா, குடத்திலா?" என்றார் அமைச்சர். சபை குலுங்கியது.

"ஆகட்டும் அரசே" என்று மட்டும் சொல்லிவிட்டு அங்காயி வீட்டுக்கு நடந்தாள். தெருவில் அவள் அண்ணன் பெண்டாட்டி பேச்சி குடத்தை விளக்கிக்கொண்டிருந்தாள்.

"மதினி, நாளைக்கு யாரும் அரமனைக்குத் தண்ணி எடுக்கப் போவேண்டாம்."

"என்னத்துக்கு? தோலை உரிச்சிருவானுக."

"ராசா உத்தரவுதான். வெயிலைக் கொண்டாரச் சொல்லியிருக்காரு."

"நீ கொண்டுபோவ, சரி. நாங்க என்ன செய்யணும்?"

"ஒண்ணுஞ் செய்யவேண்டாம். அதான் சோலி."

பேச்சி குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். "இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாளுல இருந்து இப்படி ஒரு சோலி எனக்கு யாரும் குடுத்ததில்ல தாயி."

மறுநாள் சபை கூடியது. முதல் நாளைய ஈரம் கொஞ்ச நேரம் தாங்கியது. பிறகு தட்டிகள் காய்ந்து மொறமொறத்தன. காளவாய் வாயைத் திறந்தாற்போல் காற்று உள்ளே வந்தது. சால்வைகள் கீழே விழுந்தன. சந்தனப்பொட்டுகள் வெடித்து உதிர்ந்தன. அரசர் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"தண்ணீர் எங்கே? அந்தப் பெண்கள் எங்கே?"

"வீட்டில் இருக்கிறார்கள் அரசே. நான்தான் வரவேண்டாம் என்றேன்" என்றாள் அங்காயி. "வெயிலைக் கொண்டுவரச் சொன்னீர்கள். அதை யாரும் கொண்டுவர வேண்டியதே இல்லை. ஏழு வருடமாக வாசலில்தான் நிற்கிறது. நாற்பது பேர் குடத்தோடு மறித்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு மறிக்கவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள்."

"இது மோசடி அரசே. உடனே தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்" என்றார் அமைச்சர்.

"ஊற்றுவார்கள் அமைச்சரே. உங்கள் ஓலையில் முத்திரை விழுந்தால் ஊற்று வற்றிவிடும். அப்புறம் நாலாயிரம் பேர் வந்தாலும் வெறுங்குடம்தான். ஏழாவது மண்டபத்தில் தினமும் இப்படித்தான் இருக்கும். இன்றைக்கே உட்கார்ந்து பழகிக்கொள்ளுங்கள்."

பின்வரிசையில் ஒரு பிரபு முனகினார்: "அந்த உத்தரவே வேண்டாமே." ஆமாம், ஆமாம் என்றது சபை. ஏழு வருடத்தில் எடுக்காத முடிவு அரை நாழிகையில் வந்தது.

அரசர் கழுத்தைத் துடைத்தபடி அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் தாங்கமாட்டாமல், காட்டை வெட்டச் சொல்லும் அந்த ஓலைக்கட்டாலேயே தமக்கு விசிறிக்கொண்டிருந்தார். அரசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நன்றாக விசிறுங்கள் சிங்கப்பெருமாள். இனி அது அதற்கு மட்டும்தான் உதவும். காளவாய்களை அணைக்கச் சொல்லுங்கள்."

அரசர் ஆசனத்தின் மேல் கழற்றிப் போட்டிருந்த தம் பட்டுச் சால்வையை எடுத்து அங்காயிக்குப் போர்த்தினார். அந்தப் புழுக்கத்தில் அதுவும் ஒரு தண்டனையாகத்தான் இருந்தது.

"நாளைக்கு வெயில் குறைந்துவிடும் அல்லவா?"

"குறையாது அரசே. வெட்டினது வளர முப்பது வருடம் ஆகும். இனிமேல் கூடாமல் இருக்கலாம். அதுவும் இன்றைக்கே நட்டால்."

"நட ஆள் வேண்டுமே. யாரை அனுப்ப?"

அங்காயி சபையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "இங்கே இருநூறு பேர் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்கள்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே முதல் மண்வெட்டியை அமைச்சர் கையில் கொடுக்கச் சொன்னார்.

அங்காயி சால்வையை மடித்து இடுக்கிக்கொண்டு மலைப்பக்கம் நடந்தாள். அவள் பின்னால் இருநூறு பிரபுக்கள் உச்சிவெயிலில் வரிசையாகப் போனார்கள். அவர்களுக்குக் குடை பிடிக்க யாருமில்லை.