அண்டாவில் ஆடிய நீர்ச்சுழி

முன்னொரு காலத்தில் மல்லிமங்கலம் என்ற நாட்டைக் கோதண்டராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். ஆசைப்பட்டது உடனே கைக்கு வந்தாக வேண்டும் அவனுக்கு. ஒருநாள் ஏரிக்கரைக்கு உலாவப் போனவன், மதகுக்குள் தண்ணீர் இறங்கும் இடத்தில் சுற்றிச் சுற்றி ஆடிய சுழியைப் பார்த்துச் சொக்கிப்போனான்.

"நாளைக்கே இது என் அரண்மனையில் ஆட வேண்டும்!"

கூட வந்த அமைச்சர் மங்கபதிக்குக் கொண்டாட்டம். மதகு காக்கும் வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தர வெகுநாளாகத் துடித்துக்கொண்டிருந்தவர் அவர். "மதகுக்காரி காத்தாயி கொண்டுவருவாள், அரசே. முடியாவிட்டால் நாட்டை விட்டே போகட்டும்!" என்றார்.

சேதி கேட்ட காத்தாயி குடத்தோடு மதகுக்கு ஓடினாள். சுழியைக் குடத்தில் மொண்டு பார்த்தாள். குடத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. மதகோரம் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தவள், சட்டென்று சிரித்துக்கொண்டே எழுந்தாள்.

மறுநாள் அரண்மனை முற்றத்தில் முக்காலி மேல் ஒரு பெரிய அண்டா ஏறியது. அதன் அடியில் ஓட்டை. காவலர்கள் வரிசையாக நின்று கிணற்றுத் தண்ணீரை ஓரமாகச் சாய்த்து ஊற்ற, தண்ணீர் ஓட்டை வழியே இறங்க, நடுவில் சுழி ஜோராக ஆடியது. ராஜா கைதட்டினான்.

"மோசடி!" என்று கத்தினார் மங்கபதி. "கிணறு பாதி காலி, முற்றமெல்லாம் சேறு! நிஜமான சுழி தானாக நிற்காதா?" அங்கவஸ்திரத்தைச் சுருட்டி ஓட்டையை அடைத்தார். அண்டா தளும்பியது, காவலர்கள் ஊற்றுவதை நிறுத்தினார்கள், சுழி தளர்ந்து தளர்ந்து காணாமல் போனது.

"பார்த்தீர்களா அரசே, போய்விட்டது!"

"தானாப் போகல ஐயா, நீங்கதான் கொன்னீங்க" என்றாள் காத்தாயி. "மகாராஜா, தண்ணி வந்து போய்க்கிட்டே இருந்தாத்தான் சுழிக்கு உருவம். இங்கே ஒழுங்கா ஒண்ணு நிக்கணும்னா, வெளியே அதைவிட அதிகமா ஏதாவது கலைஞ்சே தீரும். அந்தச் சேறுதான் இந்த அழகுக்குக் கூலி. உசுருள்ள உடம்பும் இப்படித்தான்."

"உளறல்! என் உடம்பு யார் தயவிலும் நிற்கவில்லை" என்று சீறினார் மங்கபதி.

"அப்படின்னா மூச்சை அடைச்சு நில்லுங்க ஐயா. நான் நூறு எண்ணுறேன்."

மங்கபதி கன்னத்தை உப்பிக்கொண்டார். முப்பதில் முகம் சிவந்தது. நாற்பதில் கண் பிதுங்கியது. ஐம்பது வருமுன் 'புஸ்ஸ்' என்று காற்றை விட்டு முக்காலியைப் பிடித்துக்கொண்டார். முற்றமே வயிறு வலிக்கச் சிரித்தது.

ராஜா தன் கைக்காப்பைக் கழற்றிக் காத்தாயிக்குக் கொடுத்தான். "ஆயுள் உள்ளவரை மதகு உன் பொறுப்பு. மங்கபதி! ஓட்டையைத் திற. பொழுது சாயும்வரை நான் சுழி பார்க்க வேண்டும். தண்ணீரை நீயே ஊற்று!"

அன்று முழுக்க அமைச்சர் குடம் தூக்கினார். அவர் கை தளர்ந்தால் சுழியும் தளரும். உடனே ராஜா தொண்டையைக் கனைப்பான்.