தங்கதுரைக்கு வந்த மரியாதை

ஆத்தங்கரையில ஒரு மடம். மடம்னதும் கோபுரம், யானைன்னு எதையாச்சும் நெனச்சுக்காதீங்க. ரெண்டு அறை, ஒரு அடுப்படி, மழை வந்தா ஒழுகுற ஓடு. அவ்வளவுதான்.

அங்க இருந்தவரு சட்டிச்சாமி. எப்பப் பாத்தாலும் சட்டி பக்கத்துலதான் நிப்பாரு. ஞானம் வேணும்னு எவன் வந்தாலும் மொதல்ல வெங்காயத்தைக் குடுத்து உரிக்கச் சொல்லுவாரு. பாதிப் பேரு அதோட ஓடிருவாங்க.

ஓடாம நின்னவன் தங்கதுரை. பதினாறு வயசு. பள்ளிக்கூடம் விட்டா மடம். வேலையில சுமாரு, வாயில சூரன். தபால்காரரு இருமுறது, தலைவரு மைக்கைத் தட்டிப் பாக்குறது, ஆடு போஸ்டர் திங்கிறது, எல்லாத்தையும் அப்படியே செஞ்சு காட்டுவான். சாமி நடக்குற மாதிரியும் நடப்பான். அதைச் சாமி பாத்துட்டா கரண்டி பறக்கும்.

அப்பேர்ப்பட்டவன் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து, யாரும் சொல்லாமலே வெங்காயம் உரிக்க உக்காந்தான்.

"என்னடா எருமை, ஒடம்பு சரியில்லையா?"

"சாமி, ஒரு நல்ல வார்த்தை வேணும்."

"எந்தக் கடையில விக்கிது?"

"வெளையாடாதீங்க சாமி. கோகுலுக்கு."

கோகுல் இவனோட சேக்காளி. ஒரே தெரு, ஒரே பெஞ்சு. அவங்கம்மா வசந்தாக்கா பொங்கல் கழிஞ்சு மஸ்கட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயிருச்சு. இப்ப வீட்டுல அவனும் அவங்கப்பாவும்தான்.

"ஸ்கூலை விட்டுட்டுத் திங்கக்கிழமை திருப்பூருக்குப் போறானாம் சாமி. பனியன் கம்பெனிக்கு. இங்க இருக்கவே புடிக்கலைங்கிறான். அவங்கப்பா சொல்லியும் கேக்கல."

"நீ என்ன பண்ண?"

"நான் என்ன பண்ணலைன்னு கேளுங்க! அவனைக் கொக்குன்னு கூப்புடுறதை விட்டுட்டேன். கிரிக்கெட்ல அவனுக்கு மட்டும் மெதுவாப் பந்து போடுறேன். ஸ்டம்பு எகிறுனாலும் நோபால்னு சொல்லிருவேன். அவன் இருந்தா எவனும் 'அம்மா'ங்கிற வார்த்தையையே எடுக்கக் கூடாதுன்னு பசங்ககிட்ட சத்தியம் வாங்கி வச்சிருக்கேன். எங்கம்மா எதுக்க வந்தாக்கூட, 'அந்தப் பக்கமா சுத்திப் போ'ன்னு வெரட்டிருவேன்."

"பாவம் உங்கம்மா."

"அப்படித் தாங்குறேன் சாமி. அப்படியும் போறேங்கிறான். நீங்க ஒரு வார்த்தை குடுங்க, போயிச் சொல்லி நிறுத்திடுறேன்."

சாமி சாம்பாரைக் கிண்டுனாரு. ஒரு சொட்டு உள்ளங்கையில விட்டு நக்கிப் பாத்தாரு.

"நாளைக்கு மத்தியானம் அவனைச் சாப்பிடக் கூப்புடு. நீ காலையிலயே வந்துரு."

மறுநாள் காலையில தங்கதுரை உள்ள நுழைஞ்சான்.

"வாங்க தம்பி, வாங்க" அப்படின்னாரு சாமி.

தங்கதுரை திரும்பிப் பின்னாடி பாத்தான். யாரும் இல்ல.

"உங்களைத்தான். உக்காருங்க."

சுவரோரமா ஒரு மணப்பலகை போட்டிருந்துச்சு. மேல துண்டு வேற விரிச்சிருந்துச்சு.

"வெங்காயம் சாமி..."

"அதெல்லாம் நீங்க தொடக் கூடாது. முத்தையன் பாத்துக்குவான்."

முத்தையன் இன்னொரு சிஷ்யன். அவன் கண்ணுல தண்ணி ஓடுச்சு. வெங்காயமா, வயித்தெரிச்சலான்னு தெரியல.

தங்கதுரை கொஞ்ச நேரம் உக்காந்து பாத்தான். முடியல. காலை நீட்டுற மாதிரி நீட்டி, தண்ணிக் கொடத்தைத் தட்டி விட்டான். அடுப்படி பூரா வெள்ளம்.

"பரவால்ல தம்பி, தண்ணிதானே."

எந்திரிச்சு, தொந்தியைத் தள்ளிக்கிட்டு, சாமி மாதிரியே சாமி முன்னாடியே நடந்தான். கரண்டி பறக்கல.

"நல்லா இருக்கு தம்பி. களைச்சிருப்பீங்க, உக்காருங்க."

வெளிய முத்தையன் யார்கிட்டயோ பேசிச் சிரிச்சுக்கிட்டே வந்தான். இவனைப் பாத்ததும் சிரிப்பை முழுங்கிட்டு, செருப்புச் சத்தம்கூடக் கேக்காம நடந்து போனான்.

தங்கதுரை தன் நெத்தியைத் தொட்டுப் பாத்துக்கிட்டான்.

"சாமி, எனக்கு ஏதாச்சும் வியாதியா?"

சாமி முத்தையனைப் பாத்தாரு. முத்தையன் தரையைப் பாத்தான்.

"எங்க வீட்டுல யாருக்காச்சும்..."

"அதையெல்லாம் இப்பப் பேச வேண்டாம் தம்பி. பாயசம் குடிங்க."

"சாமி, என்னைத் திட்டுங்க சாமி! ஒரே ஒரு தடவ!"

"உங்களைப் போயித் திட்டுவனா?"

மத்தியானம் கோகுல் வந்தான். தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டே வந்தவன், வாசப்படியில நிமுந்து பாத்தான். பலகையில தங்கதுரை. முன்னாடி தலைவாழை எலை. ஒரு பக்கம் முத்தையன் விசிறுறான், இன்னொரு பக்கம் சாமி பாயசக் கரண்டியோட குனிஞ்சு நிக்கிறாரு.

"என்னடா இது? யாரு வீட்டு மாப்ள?"

கேட்டுட்டுச் சிரிச்சான். வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சான்.

காலையிலருந்து தேக்கி வச்சதெல்லாம் தங்கதுரைக்குப் பொத்துக்கிச்சு.

"சிரிக்காதடா கொக்கு!"

சொன்னவன் டக்குன்னு வாயைப் பொத்திக்கிட்டான்.

"என்ன சொன்ன?" அப்படின்னான் கோகுல்.

"ஒண்ணும் இல்ல கோகுல்."

"இல்ல, சொல்லு."

"கொக்கு."

"இன்னொரு தடவ சொல்லு."

"கொக்கு! நெட்டக் கொக்கு! நீ பந்து போட ஓடி வர்றது எப்படி இருக்கும் தெரியுமா? சுடுமணல்ல காலை வச்ச கொக்குடா!"

ஓடியே காட்டினான். எலையைத் தாண்டி, அடுப்பைச் சுத்தி, முத்தையனை இடிச்சுக்கிட்டு.

"நீ மட்டும் ஒழுங்கா?" கோகுல் துரத்துனான். "ஸ்டம்பு பிச்சுக்கிட்டு கெடக்கு, நோபாலாம்! எனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு? ஒரு நாளாச்சும் அவுட்டுன்னு சொன்னியாடா?"

ரெண்டு பேரும் கட்டிப் பொரண்டானுங்க. சாம்பல் பறந்துச்சு. தங்கதுரைக்கு வாய் நிக்கல. எந்திரிச்சு இடுப்புல கையை வச்சு, கழுத்தைச் சாய்ச்சு, தெருமுக்கு வரைக்கும் கேக்குற மாதிரி ஒரு கத்து.

"ஏ கோகுலூஊஊ... சோறு ஆறுது, வர்றியா, நாய்க்குப் போடவா?"

வசந்தாக்கா குரல். அப்படியே.

முத்தையன் கையில விசிறி நின்னு போச்சு. தங்கதுரை நாக்கைக் கடிச்சுக்கிட்டான்.

கோகுல் அவனையே பாத்தான்.

"அப்படி இல்லடா."

கோகுல் தலையை ஆட்டுனான்.

"என் பேரை எங்கம்மா அவ்வளவு நீளமா இழுக்காது. நாய்க்குங்கிற எடத்துலதான் இழுக்கும்."

இடுப்புல கையை வச்சான். தொண்டையைச் செருமிக்கிட்டான்.

"ஏ கோகுலு! சோறு ஆறுது, வர்றியா, நாஆஆய்க்குப் போடவா?"

சாமி ஒரு தட்டைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாரு. "நாய்க்கு வேண்டாம் தாயி, எனக்குப் போடுங்க!"

முத்தையன் விசிறியைப் போட்டுட்டு உருண்டான். கோகுலும் சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே சட்டைக் கையில மூக்கைத் தொடைச்சான்.

"நேத்து போன்லயும் இப்படித்தான்டா கத்துச்சு. அங்க வெள்ளிக்கிழமை லீவு. தலைக்கு எண்ணெ வச்சியா, தலைக்கு எண்ணெ வச்சியான்னு அரை மணி நேரமா எண்ணெய்தான்."

"இதையெல்லாம் ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"யாருடா கேட்டீங்க?"

அதுக்கப்புறம் கோகுல் மூணு தடவ சோறு வாங்கிச் சாப்பிட்டான். மஸ்கட்டுல வெயிலு எப்படி, அந்த வீட்டுப் பாப்பாவுக்கு அவங்கம்மா எப்படித் தமிழ்லயே தாலாட்டுப் பாடுது, எல்லாம் சொன்னான். பாடியும் காட்டினான். கெளம்புறப்ப சைக்கிள்ல ஒரு காலைப் போட்டுக்கிட்டுத் திரும்புனான்.

"திங்கக்கிழமை ஸ்கூல் விட்டதும் மேட்ச்சு. வேகமாப் போடு. நோபால்னு வாயைத் தொறந்த, பல்லு இருக்காது."

"திங்கக்கிழமை நீ திருப்பூரு..."

"யாரு போறா?"

போயிட்டான்.

தங்கதுரை மூஞ்சியெல்லாம் சாம்பலோட சாமிகிட்ட வந்தான்.

"சாமி, வசந்தாக்கா போனதுலருந்து இவன் இப்படிச் சிரிச்சதே இல்ல. பாத்துப் பாத்துச் செஞ்சப்பல்லாம் அசையாதவன், இன்னைக்கு நான் கண்டபடி திட்டுனதுக்கு எப்படி சாமி எறங்கி வந்தான்?"

சாமி பாயசச் சட்டியைக் கவுத்து வச்சாரு.

"அவங்கம்மா மஸ்கட்டுக்குப் போயிருந்தாங்க. நீ எங்கடா போயிருந்த?"