அட்டையில் ஒளிந்த நரி

அல்லிக்குளத்தின் கரையில் காட்டு விலங்குகளின் சந்தை கூடும். அங்கே செவ்வந்தி என்ற முள்ளம்பன்றி கிழங்கு விற்றுவந்தது.

ஒருநாள் மந்தி வந்தது. "கிழங்கு கொடு அக்கா! கியூஆர் அட்டை எங்கே?"

"அதெல்லாம் என்னிடம் இல்லை. காசு கையில் விழுந்தால்தான் எனக்கு நிம்மதி."

"சில்லறைக்கு நான் எங்கே போவேன்? கொக்கு கடையில் அட்டை இருக்கிறதே!"

மந்தி போய்விட்டது. முயலும் மானும் அதன் பின்னாலேயே போயின.

கிழங்குகள் வாடின. மழைக்காலம் வேறு நெருங்கியது. குட்டிகளுக்குத் தானியம் சேர்த்தாக வேண்டும். செவ்வந்தி பயத்தை விழுங்கிக்கொண்டு ஓர் அட்டை வாங்கிக் கடைமுன் மாட்டியது.

மறுநாளே கூட்டம் அலைமோதியது! விலங்குகள் போனைக் காட்டின, 'டிங்' என்றது, கிழங்கோடு கிளம்பின.

"அட, இவ்வளவு சுலபமா!" செவ்வந்தி பூரித்தது. வியாபார மும்முரத்தில் தன் போனை எடுத்துப் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் தானியம் வாங்கப் போனது. கணக்கில் ஒன்றுமே இல்லை!

"ஐயோ! என் காசெல்லாம் எங்கே?" அதன் முட்கள் சிலிர்த்து நின்றன.

அந்த வழியாக வந்த மந்தி பதறிப்போய்த் தன் போனைத் திறந்தது. "நான் அனுப்பினேனே அக்கா! இதோ பார்..." மந்தி திரையை உற்றுப் பார்த்தது. "இதில் கருங்காலன் என்று இருக்கிறது. அது நரியின் பெயர் ஆயிற்றே!"

இரண்டும் கடைக்கு ஓடின. செவ்வந்தி அட்டையை நகத்தால் சுரண்டியது. இரவோடு இரவாக நரி மேலே ஒட்டியிருந்த தாள் உரிந்து வந்தது. அடியில் செவ்வந்தியின் சொந்த அட்டை!

"என் கடையிலும் நரி!" என்று கொக்கு அலறியது. ஆமையின் கடையிலும் நரி!

எல்லாம் நரியின் குகைக்குப் பாய்ந்தன. குகை காலி! நரி காட்டைவிட்டே ஓடியிருந்தது.

"இனிச் செத்தாலும் ஸ்கேன் பண்ண மாட்டேன்!" முயல் பின்வாங்கியது.

செவ்வந்தி அழுதது. ஆனாலும் அட்டையைத் தூக்கி எறியவில்லை. தன் மடியருகே வைத்துக்கொண்டது. "அனுப்பும் முன் பெயரை உரக்கப் படியுங்கள். காசு வந்ததும் நானே பார்த்துச் சொல்கிறேன்."

யாரும் நெருங்கவில்லை. கடைசியில் மந்திதான் முன்னே வந்து பெயரைப் படித்தது.

"செவ்வந்தி, கிழங்குக் கடை!"

"வந்துவிட்டது!"

முயல் மெல்ல எட்டிப் பார்த்தது. பிறகு அதுவும் தன் போனை எடுத்தது.

எத்தனை சுலபமான வழியானாலும், காசு யாருக்குப் போகிறது என்று பார்த்துவிட்டே அனுப்ப வேண்டும்.