கள்ளாட்டக் கடா

வெள்ளாந்துறையில் கடல் உள்வாங்கினால் ஒருவரும் பயப்படுவதில்லை. பந்தாட இடம் கூடிற்று என்று சந்தோஷப்படுவார்கள். அப்படிப்பட்ட ஊர். அங்கே கோயில் திருவிழாக் கால்பந்துப் பந்தயம் முடிந்த சாயங்காலம், ஐஸ் கம்பெனி வியாகுலம் ஒரு கொழுத்த கடாவை இழுத்து வந்து கோல் கம்பத்தில் கட்டினார்.

"நல்லா ஆடுனவனுக்கு வருஷா வருஷம் கப்பு கொடுக்கோம். கள்ளாட்டத்தை எவன் மதிச்சான்? இந்தக் கரை கண்டதிலேயே, கள்ளாட்டத்தால எதிர்க்கட்சியை ஆகக் கூடுதலா அழ வெச்ச ஆளு யாரோ, அந்த ஆளுக்கு இந்தக் கடா!"

ஊரே கைதட்டியது, பவுலைத் தவிர. பக்கத்தில் நின்ற சவரிமுத்து, கைதட்டல் அடங்குமுன்பே சபதம் போட்டுவிட்டார்: "கடா வாங்குறவன் எவனோ, அவனுக்கு எம்மவ அமலோற்பவத்தைக் கெட்டிக் கொடுக்க மாட்டேன். கோயில் மணி சாட்சி!"

அமலோற்பவத்தைப் பெண் கேட்டிருந்தவன் பவுல் ஒருவன்தான்.

பவுல் யார் காலையும் மிதித்ததில்லை. தவறி மிதித்தால் குனிந்து ஊதிவிட்டுத்தான் எழுந்திருப்பான். அவனுக்கு வினை பெயரில் இருந்தது. அந்தக் கரையில் கள்ளாட்டத்துக்கு நடுவரிடம் முறையிடும் 'ஃபவுல்' என்ற சொல் யாருக்கும் வாயில் வராது, 'பவுலு' என்றுதான் வரும். நடுவர் ஞானப்பிரகாசம் சாருக்கோ இரண்டு கண்ணிலும் புரை. ஆனால் விசிலை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டார், காதை வைத்தே ஆட்டத்தை நடத்துவார். "பவுலு, பந்தைத் தா!" என்று கூட்டாளி கூப்பிட்டாலும் விசில்தான். பாவம், அடிபட்டவன் அலறுகிறான் என்று நினைத்துக் கத்திய கட்சிக்கே பந்தைக் கொடுத்துவிடுவார்.

அதிலும் எதிர்க்கட்சிக்காரன் கோலுக்கு நேரே காலை ஓங்கும்போதெல்லாம், கருவாடு காயும் பக்கமிருந்து "பவுலூ!" என்று அமலோற்பவத்தின் குரல் வரும். விசில்! ஓங்கிய கால் ஓங்கியபடி நிற்கும். தன்னைத்தான் உற்சாகப்படுத்துகிறாள் என்று பவுல் அந்தப் பக்கம் பார்த்துப் பல்லைக் காட்டுவான். அவள் தலை நிமிராமல் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பாள். எதிர்க்கட்சி மணலில் விழுந்து மாரடித்துக்கொண்டு அழும்.

வழக்கு தொடங்கியது.

"ததேயுவை விட்டா வேற எவன்லே?" என்று மேலத்தெருக்காரர்கள் எழுந்தார்கள். ததேயு ஓடிவந்து மோதினால் தென்னை மரம் வழிவிடும். ஒருமுறை நடுவர் ஊதிய விசிலைப் பிடுங்கி விழுங்கியே விட்டான். அன்றைக்கு வேறு விசில் இல்லை. ஞானப்பிரகாசம் சார் அவனைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டு, வேண்டும்போதெல்லாம் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார், அவன் வாயிலிருந்து விசில் சத்தம் வரும். இரண்டு கட்சியும் சிரித்துச் சிரித்து ஆட முடியாமல் உருண்டதில் ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

"அதெல்லாம் முரட்டுத்தனம், கள்ளாட்டம் ஆகுமா?" என்று கீழத்தெரு பாய்ந்தது. "எங்க கஸ்பார் ஒருத்தனையும் தொட்டதில்ல. கோலுக்குக் கிட்டப் போய்க் கடலைக் கைகாட்டி 'மத்தி! மத்தி!'ன்னான். எதிர்க்கட்சி மொத்தமும் வள்ளத்தைத் தள்ளிட்டு மீன் அள்ளப் போச்சு, கோல் காக்குறவன் உள்பட. நம்மாளு ஆளில்லாத கோல்ல பந்தை நடத்திக்கிட்டே போனான்!"

"போனவங்க கதை என்னாச்சு?" என்றார் வியாகுலம்.

கஸ்பார் தலையைச் சொறிந்தான். "அதான் அண்ணாச்சி வெட்கக்கேடு. சும்மா சொன்னேன், நெசமாவே மத்தி கெடந்துச்சு. வள்ளம் நிறைய அள்ளிட்டுப் பாட்டும் பாடிக்கிட்டு வந்தானுவ."

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "விசில் ஆரு பேர்ல கூடுதலா கேட்டுச்சு? பவுல் பேர்லதானலே!"

"ஆமா! பவுலுக்கே கடா!" என்று ஊர் ஒன்றாகக் கத்தியது. பழக்கதோஷம், ஞானப்பிரகாசம் சார் விசில் ஊதினார்.

பவுல் குறுக்கே பாய்ந்தான். "எனக்கு வேண்டாம் அண்ணாச்சி! நான் ஒண்ணுமே செய்யல்ல!" சவரிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினார். வியாகுலத்தின் கை கடாவின் கயிற்றை அவிழ்த்தது.

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். மரத்தை நகர்த்திய ததேயுவா, மத்தி காட்டிய கஸ்பாரா, விசிலுக்குப் பெயர் கொடுத்த பவுலா? அந்தக் கயிறு யார் கைக்குப் போனால் நியாயம்?

விடை: மூவருக்கும் இல்லை. ததேயுவால் எதிர்க்கட்சி சிரித்தது, கஸ்பாரால் மீனள்ளியது. பவுல் பெயரால் அழுதது உண்மை, ஆனால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் ஆடினால் அது கள்ளாட்டமா? காலை ஓங்கும் நேரம் பார்த்து, அரை நொடி பிசகாமல் கூவியவள் அமலோற்பவம். வியாகுலம் கேட்டது 'ஆளு'. களத்தில் இறங்கிய ஆள் என்று அவர் சொல்லவே இல்லை. கயிற்றை அவளே வந்து வாங்கிக்கொண்டாள்.

"இப்ப பொண்ணு உண்டுமா மாமா?" என்று பவுல் பம்மினான்.

சவரிமுத்து மகளை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தக் கள்ளியை இனிமே வீட்டுல வெச்சுக்க எனக்குத் தைரியம் இல்ல மக்கா. சட்டுபுட்டுன்னு கெட்டிக் கூட்டிட்டுப் போ. கடாவை மட்டும் இங்க விட்டுட்டு."

"கடாவும் வரும்" என்றாள் அமலோற்பவம்.